ஹாலுக்கு ஒரு விரிப்பு

ஆமாம்மான்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல, யோசிக்காமலே வந்துச்சு, விசில் ஊதினதும் பசங்க ஓட ஆரம்பிக்கிற மாதிரி. அந்தப் பொண்ணு கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. நீல யூனிஃபார்ம் புடவை, செவ்வந்தின்னு பேர் போட்ட பேட்ஜ், காலையிலேர்ந்து நின்னு நின்னு ஒரு கால் மாத்தி ஒரு கால்ல சாயற நிப்பு, ஆனா முகத்துல நல்ல சிரிப்பு. "பேத்திக்கா சார்?"னு கேட்டா. முக்கால்வாசி நரைச்ச ஒரு ஆளு, குழந்தைங்க சாமான் விக்கிற மாடியில, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டுக்கிட்டு, பிள்ளைங்களைத் தரையில விடறதுக்குப் போடுற மேட்டு ஒவ்வொண்ணையும் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு நின்னா வேற என்னன்னு கேப்பா? அவ அப்பன் வயசு எனக்கு. இல்லம்மா, என் மகளுக்குன்னு சொல்லியிருந்தா ஒரு நிமிஷம் கண்ணு பெருசாகும், அப்புறம் சரிங்க சார்னு வேலையைப் பாத்திருப்பா. அந்த ஒரு நிமிஷத்தைத் தாங்க முடியல எனக்கு. மாசிலாமணி சார் மைதானத்துல கத்தினா ரோட்டுல போற சைக்கிள்காரன் இறங்கி நின்னுடுவான்னு ஸ்கூல்ல சொல்லுவாங்க, பி.டி. மாஸ்டர்னா அப்படி ஒரு தொண்டை வேணும், அந்தத் தொண்டைதான் இது. அதுல என் மகள்ங்கற வார்த்தை வரல. சரி, அதோட விட்டாளா? "பொண்ணு வயித்துப் பேத்தியா, பையன் வயித்துப் பேத்தியா சார்?"னு அடுத்தது. பொண்ணுன்னேன். "மொதப் பேத்தியா?" ம்னேன். "அதான் இப்படிப் பாக்குறீங்க. எங்கப்பாவும் இப்படித்தான் சார், என் பையனுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கணும்னாலும் கடையையே பொரட்டிப் போட்டுருவாரு"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சேனே, அதைச் சொல்லு. தாத்தா மாதிரி சிரிச்சேன், தலையை ஆட்டி, பெருமையா. இவ்வளவு நல்லா நடிக்க வரும்னு எனக்கே தெரியாது.

என் மூத்தவ நித்திலா கீழ்மாடியில புடவை பாத்துக்கிட்டிருக்கா. ஞாயித்துக்கிழமைக்கு. சின்னவ அம்மு அவ நெஞ்சுல, அந்தப் பை மாதிரி கட்டிக்கிறாங்களே அதுல, தொங்கிக்கிட்டிருக்கா. நீங்க மேல போய் மேட்டைப் பாருங்கப்பா, நான் வந்துடுறேன்னு அனுப்பிச்சா. ரெண்டு கையையும் வீசிக்கிட்டு நான் வர்றேன், குழந்தையைச் சுமந்துக்கிட்டு அவ புடவையை விரிச்சுப் பாக்குறா. குழந்தையைக் கொஞ்சம் வச்சுக்குங்கப்பான்னு அவ கேக்கல. வெளிய வந்தா நான் தூக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். நானும் குடுன்னு கேக்கல. எப்ப கேட்டேன் கடைசியா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த அன்னைக்குக் கார்லேர்ந்து வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்தேன், அதுவும் இருட்டினப்புறம் வரலாம்னு டாக்ஸிக்காரர்கிட்ட ஏதோ சாக்குச் சொல்லி. வீட்டுக்குள்ள தூக்குவேன். வீட்டுக்குள்ள நான் நல்ல அப்பன். நெஞ்சு மேல போட்டுக்குவேன், மீசையைப் பிடிச்சு இழுப்பா, வாசல்ல பெல் அடிச்சா என் வீட்டுக்காரி தமயந்தி ஓடி வந்து வாங்கிட்டுப் போய் உள் ரூம் தொட்டில்ல போட்டுக் கதவைச் சாத்திடுவா. அதை நான் சொல்லி அவ செய்யல. அவளும் என்னைக் கேட்டுச் செய்யல. ரெண்டு பேரும் பேசி வச்சுக்காமலே அப்படி ஒரு பழக்கம் வந்துருச்சு. பால்காரர், கேஸ்காரர், கரெண்டு ரீடிங் எடுக்க வர்றவர், யாரா இருந்தாலும் கதவு சாத்திடும். சாத்துற சத்தத்துக்கு அம்மு அழ மாட்டா. சின்னதுலேர்ந்தே பழகிட்டா. அழாத குழந்தைன்னு நாங்க பெருமை வேற பட்டுக்கிட்டோம்.

டாக்டர் இன்னைக்கு மத்தியானம் கேட்டுச்சே ஒரு கேள்வி. ஊசி போடத்தான் போனோம். தமயந்தி வரல, முட்டி வலின்னுட்டா, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வலி, நித்திலாதான் பேங்க்ல பெர்மிஷன் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போவா, நான் வண்டி ஓட்டுறதுக்கு, எப்பவும் வாசல்லயே நின்னுடுவேன், இன்னைக்குத்தான் உள்ள போனேன். டாக்டர் சின்னப் பொண்ணு. அம்முவைத் தூக்கி மேஜையில குப்புறப் போட்டுச்சு. அய்யோ. அவ அப்படியே நெத்தியை ஊனிக்கிட்டுக் கெடந்தா. கையை என்ன பண்றதுன்னு தெரியல அவளுக்கு, றெக்கை மாதிரி பக்கத்துல விரிச்சுக்கிட்டு, மூக்கு ரெக்ஸின்ல அமுங்கி, ஹ்ம் ஹ்ம்னு முனகுறா. எத்தனை பசங்களைத் தண்டால் எடுக்க வச்சிருக்கேன் நான். தூக்குடா, தலையத் தூக்குடா, தரையைத் தள்ளுடா. வாய் வரைக்கும் வந்துச்சு. கூட்டமான ஆஸ்பத்திரி, வெளிய எல்லாரும் உக்காந்திருக்காங்க, முழுங்கிட்டேன். "அஞ்சு மாசம் முடியப் போகுது, தரையிலயே விடறதில்லையா?"ன்னு கேட்டுச்சு டாக்டர். "எந்நேரமும் தொட்டிலா? பின்னந்தலை தட்டையா இருக்கு பாருங்க." என் கையைப் பிடிச்சு வச்சுக் காட்டுச்சு. இருந்துச்சு. உள்ளங்கையில அப்படியே உக்காருது, சப்பாத்திப் பலகை மாதிரி. ஒளிச்சு வச்சா ஒளிச்சு வச்ச அடையாளம் இப்படி வந்து தலையில நிக்கும்னு நான் நெனச்சேனா? "பயப்பட ஒண்ணும் இல்ல, சரியாயிடும். நல்ல மேட்டா ஒண்ணு வாங்கி, வீட்டுல நடு இடத்துல போட்டு, அடிக்கடி குப்புற விடுங்க. எல்லாரும் நடமாடுற இடத்துல போடுங்க, அப்பதான் தலையத் தூக்கிப் பாக்கணும்னு அதுக்குத் தோணும். சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தா எதுக்குத் தூக்கப் போகுது?" நித்திலா என்னைப் பாக்கல. செவுத்துல ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தையே பாத்துக்கிட்டு நின்னா. கவிழ்ந்துட்டாளான்னு டாக்டர் கேட்டப்ப இல்லன்னு சொன்னது அவதான். அந்த இல்லங்கறதைக் கேட்டப்ப எனக்குள்ள என்ன ஓடுச்சுன்னு யாருக்கும் தெரியாது. நல்லவேளைன்னு ஓடுச்சு. ஆமா. பெத்த பிள்ளை இன்னும் கவிழலைன்னு நல்லவேளைன்னு நெனச்ச அப்பன் நானாத்தான் இருக்கும். ஏன்னா எங்க பக்கத்துல பிள்ளை குப்புற விழுந்தா கொழுக்கட்டை அவிச்சு அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுக்கணும். நித்திலா விழுந்தப்ப தூக்குச்சட்டியில போட்டுக்கிட்டு நானே தெரு முழுக்கக் குடுத்தேன், மீதியை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிட்டுப் போய்க் கணக்கு வாத்தியார் வாயில திணிச்சேன். இப்ப இவ கவிழ்ந்தா தமயந்தி அவிப்பா. அவிச்சுட்டு, குடுத்துட்டு வாங்கன்னு நிப்பா. யார் வீட்டுக்கு நான் தூக்குச்சட்டியோட போய் நிக்கிறது?

"இது பாருங்க சார், இதான் நெறையப் போகுது"ன்னு செவ்வந்தி ஒரு சின்ன மேட்டை எடுத்துப் போட்டா. மடக்குற மாதிரி. மஞ்சள்ல ஒட்டகச்சிவிங்கி, மேல வளைவா ரெண்டு கம்பி, அதுலேர்ந்து தொங்குற பொம்மைங்க. "மடக்கினா இவ்வளவுதான் சார், கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம், யாராச்சும் வந்தா இடஞ்சலே கெடையாது." கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். யாராச்சும் வந்தா. எப்படிக் கரெக்டா சொல்றா பாரு, என் வீட்டுக்குள்ள வந்து பாத்த மாதிரி. அப்புறம் இன்னொண்ணு, சுருட்டி மூலையில நிக்க வச்சிருந்ததை அணைச்சுத் தூக்கிட்டு வந்து விரிச்சா. தடிமன், நல்ல கெட்டி, ஒரு பக்கம் ரோடு, வீடு, மரம், இன்னொரு பக்கம் வெறும் பச்சை. ஓரம் எந்திரிச்சுக்கிட்டு நின்னுச்சு, அவ செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னா. "இது ஹாலுக்கு சார். ஹால் முழுக்க வரும். தவழுறதுக்கு, உக்கார்றதுக்கு, விழுந்து எந்திரிக்கிறதுக்கு எல்லாத்துக்கும் இதுவே போதும்." அந்த வாடை மூக்குல அடிச்சுது. புது ரப்பர் வாடை. ஸ்கூல்ல ஜிம்னாஸ்டிக்ஸ் மேட்டு புதுசா வந்தப்ப ஸ்போர்ட்ஸ் ரூம் முழுக்க இதே வாடைதான். ரொம்ப நாளா குடோன்ல சுருட்டியே வச்சிருந்தாங்களாம், விரிச்சா விரிஞ்சாத்தானே? விடுற பக்கமெல்லாம் சுருண்டுக்கும், பசங்க கால் தடுக்கி விழுவானுங்க. கடைசியில நாலு மூலையிலயும் குண்டுப் பசங்களா பாத்து உக்கார வச்சேன். சார் நாங்க மட்டும் ஏன் சார் உக்காரணும்னானுங்க. நீங்கதாண்டா பேப்பர் வெயிட்டுன்னேன். என்னமா சிரிச்சோம். அப்பல்லாம் எனக்கு எல்லாரையும் சிரிக்க வைக்கத் தெரியும். இப்ப என்னைப் பாத்து யாராச்சும் சிரிச்சாலே, எதுக்குச் சிரிக்கிறான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன். கணக்கு வாத்தியார் ஒரு நாள் சொன்னார், மாஸ்டர் இன்னும் ஃபார்ம்லதான் இருக்காருன்னு. ஸ்டாஃப் ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது. அவர் கெட்டவர் இல்ல. கிண்டல்தான். நான் அவர் வீட்டுப் பிள்ளைக் கல்யாணத்துக்குப் போகல. அம்பத்தி ரெண்டு வயசுல ஒருத்தன் அப்பனானா அதுல கிண்டலுக்கு என்ன இருக்குன்னு நான் கேக்கவும் முடியாது, ஏன்னா வேற ஒருத்தனுக்கு நடந்திருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன், அவரை விட சத்தமா.

தமயந்திக்கும் தெரியலையே. மாசாமாசம் வர்றது நின்னு போச்சுன்னு நெனச்சா. நாப்பத்தஞ்சு வயசாச்சு, நிக்கிற வயசுதானே, எங்கக்காவுக்கும் இப்படித்தான் நின்னுச்சுன்னு சொன்னா. வயிறு உப்புசமா இருக்குன்னா, பெருங்காயத்தை மோர்ல கலக்கிக் குடிச்சா. ஓமத் தண்ணி குடிச்சா. நான் கூட, கொஞ்சம் நட, காலையில என்கூட மைதானத்துக்கு வா, தொப்பை குறையும்னு சொன்னேன், பெரிய பி.டி. மாஸ்டர் மாதிரி. அவளும் பாவம் வந்து நாலு ரவுண்டு நடந்தா. அப்புறம் ஒரு நாள் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தவ வயித்துல கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. என்னங்க, உள்ள அசையுதுங்கன்னா. அவ முகம் வெளுத்துப் போய்க் கெடந்துச்சு, எனக்கு அது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. சந்தோஷப்படணும்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. நித்திலாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மொதல்ல பேசினோம். கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுகிட்ட அம்மா வயித்துப் பிள்ளைக்காரின்னு யார் சொல்றது? நீ சொல்லு, நீங்க சொல்லுங்கன்னு தள்ளிக்கிட்டிருந்தோம். கடைசியில அவளே கண்டுபிடிச்சு, அவளே அவ அம்மாவைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டி, அவளே பேர் வச்சா, அமுதினின்னு. என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லாயிருக்கும். ஏம்பா இப்படின்னு கத்தியிருந்தாக்கூட நல்லாயிருக்கும்.

ஞாயித்துக்கிழமை. நெனச்சாலே காது ரெண்டும் சுடுது. நித்திலாவைப் பாக்கத் துறையூர்லேர்ந்து வர்றாங்க. நல்ல இடம், பையன் மின்வாரியத்துல இருக்கான், தரகர் சிதம்பரநாதன் கொண்டு வந்தது. அவர் போன்ல கேட்டார், வீட்டுக்கு ஒரே பொண்ணுதானே சார்? அப்பவும் இதே மாதிரிதான், யோசிக்காமலே வந்துச்சு. ஆமாம்னேன். நான் சொல்றேன், பத்தடி தள்ளி உள் ரூம்ல அம்மு தனியா ஊங்கு ஊங்குன்னு ஏதோ பேசிக்கிட்டிருக்கா. போன்ல கேட்டுடுமோன்னு வாசலுக்கு வந்துட்டேன். அப்புறம் தமயந்திகிட்டச் சொன்னேன், அன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு காலைப் பொழுது, குழந்தையை மாடி வீட்டு டீச்சரம்மாகிட்ட விட்டுடுவோம், பேசி முடிவானதும் பக்குவமா சொல்லிக்கலாம்னு. தமயந்தி முந்தானையால மூக்கைத் தொடைச்சா, சரின்னா. நித்திலா அங்கதான் துணி இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா. பெட்டியைத் துணி மேல வச்சு எடுக்காம கொஞ்ச நேரம் அப்படியே நின்னா, தீயுற வாடை வந்தப்புறம்தான் எடுத்தா. அந்த சுடிதார்ல இன்னும் பழுப்பா பெட்டி அச்சு இருக்கு. அப்ப இந்த மேட்டுல எதை எடுக்குறது? சின்னதை எடுத்தா உள் ரூம்ல போட்டுக்கலாம், கதவைச் சாத்திக்கலாம், ஞாயித்துக்கிழமை மடக்கித் தள்ளிடலாம். பெருசை எடுத்தா அது ஹால்லதான் கெடக்கும். வந்து உக்கார்ற ஆளு காலுக்கு அடியிலயே ரோடும் வீடும் மரமுமா கெடக்கும், இது யாருக்குங்கன்னு கேப்பாங்க. தலை நிமிரணும்னா ஹால். மானம் நிக்கணும்னா உள் ரூம். இதுல எதுக்கு இவ்வளவு யோசனை? நாலு மனுஷன் கேட்டா காறித் துப்புவான். ஆனா யோசிச்சுக்கிட்டுதான் நிக்கிறேன், சின்னதைத் தூக்கிப் பாக்குறேன், பெருசை அமுக்கிப் பாக்குறேன், ஏதோ தரம் பாக்குற மாதிரி. "சின்னதே குடும்மா, வீடு கொஞ்சம் சின்னது"ன்னேன். பொய் நம்பர் மூணா, நாலா?

"அப்பா, எடுத்தாச்சா?"ன்னு குரல் கேட்டுச்சு. நித்திலா. ஒரு கையில புடவைக் கவர், ஒரு கை அம்மு தலைக்குப் பின்னாடி, சரியா அந்தத் தட்டையான இடத்துல. இப்ப என்ன சொல்லுவா இந்தச் செவ்வந்தி? சொன்னா. "வாங்க மேடம், உங்க அப்பாதான் ரொம்ப நேரமா பாத்துக்கிட்டிருக்காரு. பாப்பா அப்படியே உங்க ஜாடை!" சொல்லிக்கிட்டே அவ கண்ணு இறங்குச்சு. நான் பாத்தேன். நித்திலா கழுத்துக்குப் போச்சு. அங்க மெல்லிசா ஒரு முத்து மாலை, வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் கால் விரலுக்குப் போச்சு, மெட்டி இல்ல. திரும்பி நித்திலா முகத்துக்கு வந்துச்சு. ஒரு தப்பான எண்ணத்தோட பாத்தான்னு சொல்ல மாட்டேன், எல்லாப் பொம்பளைங்களும் பாக்குறதுதான். ஆனா அந்தக் கண்ணை அங்க அனுப்பினது நான். என் ஆமாதான் அதை அங்க கூட்டிட்டுப் போச்சு. என் தலை நரைச்சிருக்கேன்னு வெக்கப்பட்டு என் பொண்ணு கழுத்தைக் கொண்டு போய் ஒரு கடைத் தளத்துல நிறுத்திட்டேனே, நான் மனுஷனா? இப்பவாவது சொல்லுடா. இல்லம்மா, இவ என் பெரியவ, அவ சின்னவன்னு. குனிஞ்சு பெரிய மேட்டோட ஓரத்தை அமுக்கி விட்டுக்கிட்டிருக்கேன். நித்திலா என்னைப் பாத்தா. ஒரே பார்வைதான். அதுலயே நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் செவ்வந்தி பக்கம் திரும்பி, நல்லா இயல்பா, "ஆமாங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, என் ஜாடைன்னு"ன்னா. "வீட்டுக்காரர் வெளியூரா மேடம்?" "சிங்கப்பூர்ல இருக்கார். செயினு பாப்பா பிடிச்சு இழுக்குறான்னு கழட்டி வச்சிருக்கேன்." ஒரு தடங்கல் இல்ல. ஒரு வார்த்தையைத் தேடல. மெட்டியைப் பத்திக் கேட்டிருந்தாலும் ஒண்ணு வச்சிருந்திருப்பா.

"போட்டுப் பாருங்க மேடம், சும்மா விடுங்க பாப்பாவை"ன்னு செவ்வந்தி அந்தப் பெரிய மேட்டைக் கையால தட்டிக் காட்டினா. நித்திலா பையை அவிழ்த்து அம்முவை எடுத்துக் குப்புறப் போட்டா. ரோட்டுப் படத்து மேல. பாவி மவ, மறுபடியும் அதேதான், நெத்தி ஊனிக்கிச்சு, கை றெக்கை ஆயிடுச்சு, கால் ரெண்டும் உதைக்குது, தலை மட்டும் வரல. ஹ்ம் ஹ்ம். ரெண்டு மூணு பேர் நின்னு வேடிக்கை பாத்தாங்க. நித்திலா முன்னாடி மண்டி போட்டு, அம்மு, இங்க பாரு, அக்கா பாருன்னு... இல்ல, அக்கான்னு சொல்லல. அக்கான்னு வாயெடுத்து, அம்மா பாருன்னு மாத்தினா. அதை நான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தை அவ வாயில பாதியில மாறினதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். "தாத்தா கூப்பிடுங்க சார், தாத்தா குரல் கேட்டா தூக்கும்"னு செவ்வந்தி சொன்னா. நான் குனிஞ்சேன். அம்முன்னேன். காத்துதான் வந்துச்சு. அது என் வீட்டுக் குரல். கதவு சாத்தின ரூமுக்குள்ள பேசுற குரல். பிள்ளை மூக்கை மேட்டுல தேய்ச்சு அழ ஆரம்பிச்சுட்டா. "பரவால்ல, பழகிடும்"னு செவ்வந்தி சின்ன மேட்டை எடுத்துக்கிட்டு பில் போட ஆள் கிட்டக் குடுக்கப் போனா.

கீழ பில் வரிசை நீளமா இருந்துச்சு. முன்னாடி ஒருத்தர் தலையணை தலையணையா அடுக்கிக்கிட்டு நின்னார். அம்மு அழுது களைச்சு நித்திலா நெஞ்சுல முகத்தைப் புதைச்சுக்கிட்டா. நான் ஒட்டகச்சிவிங்கி படத்தையே பாத்துக்கிட்டு, "எப்பலேர்ந்து இப்படிச் சொல்ற?"ன்னேன். எந்த இப்படின்னு அவ கேக்கல. "மொத ஊசிக்குப் போனதுலேர்ந்து"ன்னா. "சிங்கப்பூர்னா அடுத்த கேள்வி வராதுப்பா. துபாய்னா எந்தக் கம்பெனி, எங்கண்ணனும் அங்கதான்னு பிடிச்சுக்குறாங்க." சிரிச்சா. சிரிக்கிற விஷயம் மாதிரியே சொன்னா. "பஸ்ல, ஆஸ்பத்திரியில, எல்லா எடத்துலயுமா?" "பின்ன? தங்கச்சின்னா அம்மாவைப் பத்திக் கேப்பாங்க. வயசு கேப்பாங்க. ஒருத்தி அன்னைக்கு அம்மா பக்கத்துல உக்காந்திருக்கப்பவே கேட்டு, அம்மா அழுதுட்டாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க வெளிய வர்றதில்ல. முட்டி வலியெல்லாம் சும்மா. என் குழந்தைன்னு சொல்லிட்டா ஒரு கேள்வியோட முடிஞ்சுடுது." "உன்னைத் தப்பா நெனப்பாங்களே நித்தி." அவ அம்மு தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தா. "நெனப்பாங்க"ன்னா. "இப்ப நீங்க ஆமான்னு சொல்லிருப்பீங்கன்னு தெரியும். உங்களுக்காக ஒரு தடவை சொன்னா என்ன?" அவ்வளவுதான் சொன்னா. கோவமே இல்ல குரல்ல, அதான் தாங்கல. இத்தனை மாசமா அவமானத்தைத் தூக்கிச் சுமக்குற ஆளு நான்தான்னு நெனச்சுக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகாம, ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்காம, ராஜா மாதிரி துக்கம் கொண்டாடிக்கிட்டு இருந்திருக்கேன். சுமந்தது அவ. கழுத்துல ஒண்ணும் இல்லாம, பிள்ளையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, ஊர் முழுக்க, எங்க ரெண்டு பேர் முகத்தையும் காப்பாத்திக்கிட்டு. ஞாயித்துக்கிழமை துறையூர்க்காரங்களுக்கு முன்னாடி வந்து நிக்கப் போறதும் அவதான். அங்கயும் எனக்காக ஒரு பொய்யைக் கையில குடுத்துதான் அனுப்பப் போறேன். தங்கச்சியே இல்லன்னு. அவ அதையும் தடங்கல் இல்லாம சொல்லுவா. கல்யாணமாகிப் போனப்புறமும் சொல்லுவா. நான் சாகுற வரைக்கும் சொல்லுவா.

சின்ன மேட்டை எடுத்துக்கிட்டு வரிசையை விட்டு வந்துட்டேன். எங்கப்பா போறீங்கன்னா, இருன்னேன். எஸ்கலேட்டர் ஒவ்வொரு மாடியா தூக்கிட்டுப் போற வேகத்துக்குப் பொறுமை இல்ல, அது மேலயே ஏறி ஏறிப் போனேன், ரெண்டு பேர் ஒதுங்கி வழி விட்டாங்க. செவ்வந்தி ஒரு ஜோடிக்குத் தொட்டில் காட்டிக்கிட்டிருந்தா. பக்கத்துல போய் நின்னேன், மூச்சு வாங்குது. "அம்மா, ஒரு நிமிஷம். அது பேத்தி இல்ல. என் மக. ரெண்டு பேரும் என் மகளுங்கதான்." சொன்னதும் கண்ணை எங்க வைக்கிறதுன்னு தெரியல, தொட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன், கழுத்தெல்லாம் வேர்த்துச்சு. அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. "எந்தப் பேத்தி சார்?" அப்புறம் என் கையில இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பாத்ததும் ஞாபகம் வந்துச்சு அவளுக்கு. "ஓ, அந்த மேட்டா. சரிங்க சார்." அவ்வளவுதான். கண்ணு கூடப் பெருசாகல. அந்த ஒரு நிமிஷம், அதுக்குப் பயந்துதானே இவ்வளவும், அது வரவே இல்ல. அவளுக்கு இன்னைக்கு எத்தனை தாத்தா, எத்தனை அப்பன். "மேட்டுல ஏதும் டேமேஜா சார்?"ன்னு கேட்டா. இல்லம்மா, மாத்தணும்னேன். அந்தப் பெருசு குடு, ஹாலுக்குன்னேன். "வீடு சின்னதுன்னீங்களே?" "போடலாம். சோஃபாவை எடுத்துட்டுப் போடலாம்." அவ ஒரு ஆளைக் கூப்பிட்டு அதைச் சுருட்டச் சொன்னா. சுருட்டிக்கிட்டே இருக்கப்ப என்னைப் பாத்து, "சார், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. ரொம்ப நாளா சுருட்டியே கெடந்தது இது. விரிச்சா ஓரமெல்லாம் எந்திரிச்சுக்கிட்டு நிக்கும், பிள்ளை மூக்குல குத்தும். இன்னைக்கே விரிச்சுப் போட்டு நாலு மூலையிலயும் கனமா ஏதாச்சும் வச்சிருங்க. ஒரு வாரம் முடியட்டும், அதுவரைக்கும் எடுக்கவே கூடாது. யாராச்சும் வர்றாங்க, இடம் பத்தலன்னு நடுவுல சுருட்டி வச்சீங்கன்னா அவ்வளவுதான், மறுபடி பழைய மாதிரியே சுருண்டுக்கும்"னா.

எனக்குத் தெரியாதா இது? பசங்களை உக்கார வச்ச ஆளாச்சே. அப்ப ஞாயித்துக்கிழமையும் அது ஹால்லதான் கெடக்கும், மூலைக்கு மூலை அம்மிக்குழவி, குக்கர், டம்பெல்ஸ்னு எதையாவது வச்சு, துறையூர்க்காரங்க அதைத் தாண்டித்தான் வந்து உக்காரணும், உக்காந்து இது யாருக்குன்னு கேப்பாங்க, சிதம்பரநாதன் என்னைப் பாப்பார், தமயந்தி முந்தானையைத் தேடுவா, நான் சொல்லணும். அந்த இடம் கைவிட்டுப் போனாலும் போகும். நித்திலா முகத்தை அப்ப நான் எப்படிப் பாப்பேன்னு தெரியல. பயமாத்தான் இருக்கு, வெக்கமும் எங்கயும் போகல, கழுத்துலயே நிக்குது. "எடுத்துற மாட்டீங்களே சார்?"னா செவ்வந்தி. "எடுக்க மாட்டேம்மா!"ன்னேன். மைதானத்துக் குரல்ல வந்துடுச்சு. தொட்டில் பாத்துக்கிட்டிருந்த ஜோடி திடுக்கிட்டுத் திரும்புச்சு, பொம்மை அடுக்கிக்கிட்டிருந்த ஆளு நிறுத்திட்டுப் பாத்தான், மாடியே ஒரு நிமிஷம் என்னைப் பாத்துச்சு. எஸ்கலேட்டர்ல நித்திலா மேல வந்துக்கிட்டிருந்தா. அவ நெஞ்சுல முகம் புதைச்சுக் கெடந்த அம்மு, பொறந்ததுலேர்ந்து கேக்காத அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு, தலையத் தூக்கிப் பாத்தா.